மெஷினோடு போகும் மஞ்சள் துண்டு

தையல் மெஷின் வியாபாரத்தில் விற்பது சுலபம், விற்ற மறுநாள்தான் கஷ்டம் ஆரம்பிக்கும். அதிலும் ஓவர்லாக் மெஷின் விற்றவனுக்கு மறுநாள்கூடத் தேவையில்லை, வாங்கினவர் வீடு போய்ச் சேருவதற்குள் போன் வந்துவிடும். வீட்டிலேயே தைக்கலாம் என்று ஆசைப்பட்டு ஒன்றை வாங்கி, ஒரு நூல் அறுந்த அன்றைக்கே அதன் தலையில் பழைய துண்டைப் போர்த்தி மூலையில் வைத்துவிட்டீர்களா? வெட்கப்பட வேண்டாம். உங்களை மாதிரி ஆட்களால்தான் திருத்தணியில் மலைக்குப் போகும் ரோட்டில் என் கடை ஓடிக்கொண்டிருக்கிறது. உங்கள் கஷ்டத்தை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். இன்றைக்கு என்னுடையதைக் கொஞ்சம் கேளுங்கள்.

எது ஈஸி?

கடைக்கு வருகிற யாரும் மெஷினின் வேகத்தைக் கேட்பதில்லை, எந்த ஊர்ச் சரக்கு என்றும் கேட்பதில்லை. முதல் கேள்வியே "ஈஸியா இருக்குமா?" என்பதுதான். தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ஓவர்லாக் என்பது துணியின் ஓரத்தைக் கத்தியால் வெட்டிக்கொண்டே, பிசிறு வராமல் நூலால் சுற்றித் தைத்துக்கொண்டு போகும் மெஷின். சாதாரண மெஷினுக்கு மேலே ஒரு நூல், கீழே ஒரு நூல். இதற்கு நாலு நூல். இரண்டு ஊசிக்கு, இரண்டு லூப்பருக்கு. லூப்பர் என்பது உள்ளே அலைந்துகொண்டிருக்கும் வளைந்த கொக்கி. அதன் கண்ணில் நூல் கோப்பதற்குள் பலபேருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

நான் ஈஸி என்று சொன்னால் பெண்கள் நம்புவதில்லை. விற்கிறவன் வேறு என்ன சொல்வான்? அதனால் விமலாவைக் கூப்பிடுவேன். விமலா என் மனைவி, மாமன் மகள். எல்லைக்கு அந்தப் பக்கம் தெலுங்கு பேசும் ஊரில் வளர்ந்தவள், அதனால் கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் அவளுக்கு நான் அத்தான் இல்லை, பாவாதான். கடையில் பழுது பார்ப்பது நான், தைத்துக் காட்டுவது அவள். வந்தவர் கண்முன்னாலேயே நாலு நூலையும் கத்தரித்து எறிந்துவிட்டு, அவர் வீட்டுக் கதையை விசாரித்துக்கொண்டே மறுபடி கோத்து முடிப்பாள். கனகம்மாசத்திரத்திலிருந்து வந்த ஒரு டீச்சரம்மா இதை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் நடுவில் புகுந்து, "ரொம்ப ஈஸிம்மா, எடுத்துக்கினு போங்க" என்றேன். அவர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"நீங்க சும்மா இருங்கண்ணே, உங்களுக்கு எல்லாமே ஈஸிதான். அக்கா வாயால சொல்லட்டும்."

ஜாக்கெட் தைக்காத மெஷின்

ஆர்.கே.பேட்டைப் பக்கத்து விவசாயி ஒருவர் மனைவிக்குத் தெரியாமல் ஒரு ஓவர்லாக் வாங்கிப் போனார். கல்யாண நாளுக்குக் கொடுத்து அசத்த வேண்டும் என்று ஆசை. தையல் மெஷின் ஏற்கெனவே இருக்கிறதா என்று நான் கேட்டதற்குத் தலையை ஆட்டினார். எந்தப் பக்கம் ஆட்டினார் என்று நான் சரியாகப் பார்த்திருக்க வேண்டும். சில நாள் கழித்து மெஷினை டூவீலரில் முன்னால் வைத்துக்கொண்டு திரும்பி வந்து, மேஜைமேல் தொப்பென்று வைத்தார். இதில் ஜாக்கெட் தைக்க வரவில்லையாம்.

இந்தத் தப்பை இங்கே பாதிப்பேர் செய்கிறார்கள். இரண்டு நூல் மெஷினைவிட நாலு நூல் மெஷின் பெரிய மெஷின் என்று நினைத்துக்கொள்கிறார்கள். விமலா சிரிக்காமல் அவரை உட்காரவைத்து விளக்கினாள். இது ஓரம் கட்டத்தான். ஜாக்கெட்டைச் சாதாரண மெஷினில் தைத்து, உள்பக்கம் பிரியாமல் இருக்க இதில் அடிக்க வேண்டும். முதலில் அந்த மெஷின், அப்புறம்தான் இது. அவர் முழுவதும் கேட்டார், தண்ணீர் வாங்கிக் குடித்தார். பிறகு மெஷினைச் சுற்றி ஒரு தரம் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"ஒரு பட்டன் ஓட்டை போட வக்கில்ல, இதுக்கு இன்னாத்துக்கும்மா நாலு நூலு?"

துண்டு இல்லாமல் போகாது

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு, விமலா கொண்டுவந்தது. எந்த மெஷினும் நூல் கோக்காமல் கடையை விட்டு இறங்கக் கூடாது. சிவப்பு, நீலம், பச்சை, கறுப்பு என்று நாலு நிறம் கோத்து, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மஞ்சள் துணியில் அவளே ஓரம் அடித்துக் காட்டி, அந்தத் துண்டை மெஷின் கைப்பிடியில் கட்டி அனுப்புவாள். எங்கள் ஊரில் மஞ்சள் துணிக்குப் பஞ்சமில்லை, காவடிக்காரர்களுக்கு வேட்டி வெட்டிய மிச்சமே மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். வீட்டில் தையல் கோணிக்கொண்டால் அந்தத் துண்டைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். எந்த நிறம் தொளதொள என்று இருக்கிறதோ அந்த நிறத்து நூலை இறுக்கும் குமிழைத் திருக வேண்டும். படிக்காதவர்களும் புரிந்துகொள்வார்கள், புத்தகம் தேவையில்லை.

"நூலை அறுத்துப் போட்டுடாதீங்க. நூல் கோன் தீந்துச்சுனா பழைய நூலோட புது நூலை முடிச்சு போட்டு இழுங்க, அதுவே வந்துடும்" என்று வாசல் வரைக்கும் சொல்லி அனுப்புவாள். ஊசிக்கண்ணில் மட்டும் முடிச்சு நுழையாது, அங்கே கத்தரித்துக் கோக்க வேண்டும். இப்படி அவள் கையால் கோத்த நூலோடு சுற்று வட்டாரத்துக்கு எத்தனையோ மெஷின்கள் போயிருக்கின்றன. பள்ளிப்பட்டு பஸ்ஸில் மடிமேல் மெஷினை வைத்துக்கொண்டு போன பெண் ஒருத்தி, ஜன்னல் வழியாக அந்தத் துண்டை ஆட்டிக் காட்டிக் கத்தினாள்.

"அக்கா, இத்த சாமி படத்தாண்ட மாட்டி வைக்கப் போறேன்."

கீழ் லூப்பர்

நாலு நூலில் கீழ் லூப்பர் நூல்தான் பொல்லாதது. அது அறுந்தால் அதை மட்டும் கோத்தால் போதும் என்று எல்லோரும் நினைப்பார்கள். நினைத்துக் கோத்ததும் மறுபடி அறுந்துவிடும். ஊசி நூல் இரண்டையும் உருவிவிட்டு, கீழ் லூப்பரைக் கோத்து, கடைசியில்தான் ஊசிக்கு வர வேண்டும். இதைச் சொல்லிக் கொடுக்கும்போதுதான் எங்களுக்கு முதலில் தெரிந்தது.

ஒரு மத்தியான நேரம். விமலா ட்வீசரில் நூலைப் பிடித்து உள்ளே நீட்டுகிறாள், ட்வீசர் லூப்பரின் மேல் டிக் டிக்கென்று தட்டுகிறது, நூல் கண்ணுக்குள் போகவில்லை. வெளியே எடுத்து, நுனியைக் கத்தரித்து, மறுபடி நீட்டினாள். மறுபடி டிக் டிக். நான் பின்னால் பழுது பார்த்துக்கொண்டிருந்தவன் அந்தச் சத்தத்துக்குத் தலையைத் தூக்கினேன். எனக்குத் தெரிந்து அவள் மெஷினில் அந்தச் சத்தம் வந்ததே இல்லை. வலது கையை மடியில் வைத்து இடது கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். அப்படியும் அது மடியிலேயே ஆடிக்கொண்டிருந்தது. மெஷின் வாங்க வந்திருந்த அம்மாள் நல்ல மனசுக்காரி.

"காலையிலருந்து சாப்பிடலயாக்கா? போய் ஒரு வாய் சாப்பிட்டு வாங்க, நான் இருக்கேன்."

டாக்டர் கேட்ட கேள்வி

சாப்பிட்டால் சரியாகிவிடும் என்றுதான் நானும் நம்ப ஆசைப்பட்டேன். ஊரில் பார்த்த டாக்டர் சத்து மாத்திரை கொடுத்தார். கை கேட்கவில்லை. சென்னையில் நரம்பு டாக்டரிடம் போனோம். அவர் விமலாவை நடக்கச் சொன்னார், விரலை மூக்கில் வைக்கச் சொன்னார், ஒரு தாளில் வட்டம் வட்டமாகச் சுற்றி வரையச் சொன்னார். கோன் நூல் பிரிந்து கிடப்பதுபோல் இருந்தது அவள் வரைந்தது. நடுக்குவாதம் என்றார். மாத்திரையில் அடங்கும், போகாது என்றார்.

அவர் என்ன வேலை என்று கேட்டதற்கு விமலா, "தையல் மெஷின் கத்துக் கொடுக்கறேன் சார்" என்றாள். கத்துக் கொடுத்தேன் என்று சொல்லவில்லை. டாக்டர் மருந்துச் சீட்டை எழுதிக்கொண்டே, தலை நிமிராமல், அன்பாகத்தான் சொன்னார்.

"இனிமே ஈஸியான வேலையா பார்த்துச் செய்யுங்கம்மா."

அக்கா கை மாதிரி

அதன் பிறகு மஞ்சள் துண்டை நான் தைத்தேன். விமலா கடைக்கு வருவாள். மெஷின் முன்னால் இருக்கும் அவள் ஸ்டூலில் உட்கார மாட்டாள், உள்ளே சுவரோரம் நாற்காலியில் முந்தானைக்குள் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். மறுபடி அந்த ஸ்டூலில் உட்கார்ந்து, வாங்க வந்தவருக்கு ஒரு துண்டு தைத்துக் கொடுக்க வேண்டும். சோறு கலப்பதும் ஜாக்கெட் கொக்கி மாட்டுவதும் கஷ்டமாகிவிட்டதைப் பற்றி அவள் பேசவே இல்லை. அதையெல்லாம் நான் செய்துவிட்டேன், அவளும் விட்டுவிட்டாள். ஸ்டூலை மட்டும் அவள் விடவில்லை.

பள்ளிப்பட்டு பஸ்ஸில் துண்டை ஆட்டினாளே, அந்தப் பெண் மெஷினைத் தூக்கிக்கொண்டு சர்வீஸுக்கு வந்தாள். நிஜமாகவே சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தாள் போலிருக்கிறது, துண்டில் விபூதி ஒட்டியிருந்தது. நான் கத்தியை மாற்றி, நாலு குமிழையும் சரிசெய்து, புதுத் துண்டு ஒன்று அடித்துக் கொடுத்தேன். அவள் இரண்டு துண்டையும் வெளிச்சத்தில் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விமலா உள்ளே நாற்காலியில் இருந்தது அவளுக்குத் தெரியாது.

"தையல் சரியாத்தான் கீதுண்ணே, ஆனா அக்கா கை மாதிரி வரலையே."

வியாபாரியே வாங்க வந்தால்

அன்று சாயங்காலமே முடிவு செய்தேன். ஊருக்கெல்லாம் ஈஸியான மெஷின் காட்டுகிறவன், என் வீட்டுக்கு ஒன்று தேடக்கூடாதா? சென்னையில் நான் சரக்கு எடுக்கும் மொத்த வியாபாரியின் கடைக்குப் போனேன். அங்கே இருந்த விற்பனைப் பையன் என்னைத் தெரியாதவன். என் வாயிலிருந்து, "ஈஸியா எது இருக்கும் தம்பி?" என்றுதான் வந்தது. இத்தனை வருஷம் எதிர்ப்பக்கம் நின்று கேட்ட கேள்வி.

அவன் ஒவ்வொன்றாகக் காட்டினான். நூல் போகும் வழிக்கு நிறம் அடித்த மெஷின். முன்கதவு அகலமாகத் திறந்து லூப்பர் நன்றாகத் தெரிகிற மெஷின். ஆடாமல் நிற்கும் கனமான அடிப்பாகம். வேண்டாத நேரத்தில் கத்தியை மடக்கி வைக்கும் வசதி. கடைசியில் ஒன்றை எடுத்து வைத்தான். அதில் லூப்பருக்கு நூல் கோக்கவே வேண்டாம். ஓட்டையில் நுனியை வைத்து லீவரை அமுக்கினால், காற்றே நூலை இழுத்துக்கொண்டு போய் அந்தப் பக்கம் தள்ளிவிடும். ஊசிக்கும் தனியாக ஒரு நூல் கோப்பான் இருந்தது. விலை என் கடையில் யாரும் வாங்காத விலை. நான் அவனை மறுபடி மறுபடி அமுக்கிக் காட்டச் சொன்னேன். நடுங்குகிற கையால் அமுக்கினாலும் வருமா என்று கேட்டேன். அவன் என் கைகளைப் பார்த்தான்.

"சின்னக் குழந்தை அமுக்கினாலும் வரும் சார், யாருக்கு வாங்கறீங்க?"

காற்று

அட்டைப்பெட்டியை விமலா முன்னால்தான் பிரித்தேன். நாற்காலியை விட்டு எழுந்து வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். சிவப்பு நூலின் நுனியை ஓட்டையில் வைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. நான் கை நீட்டினேன், தட்டிவிட்டாள். லீவரை அமுக்கினாள். புஸ்ஸென்று ஒரு சத்தம், நூல் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது. விமலா சிரித்தாள். நூலை உருவிவிட்டு மறுபடி அமுக்கினாள். "இது மாயம் பாவா" என்றாள். பக்கத்துப் பூக்கடைக்கார அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினாள், எதிர்க்கடைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? மலைமேல் இருப்பவனுக்கு அங்கிருந்தே ஒரு கும்பிடு போட்டேன்.

பிறகு மஞ்சள் துணியை எடுத்து, துணியை அமுக்கிப் பிடிக்கும் மெஷின் காலுக்கு அடியில் வைத்து, பெடலை மிதித்தாள். நூல் கோப்பது கையின் ஒரு நொடி வேலை, தைப்பது துணி முடியும் வரைக்கும் உள்ள வேலை. இதை நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை. துணி அவள் கையோடு சேர்ந்து ஆடியது. ஆடின இடத்திலெல்லாம் கத்தி கடித்தது. சாதாரண மெஷினில் கோணினால் பிரித்துவிட்டுத் தைக்கலாம், ஓவர்லாக் வெட்டினது வெட்டினதுதான். கத்தியை மடக்கி வைத்துக் கொடுத்தேன். வெட்டு நின்றது, கோணல் நிற்கவில்லை. மாத்திரை போட்டுக்கொண்டு உட்கார்ந்து பார்த்தாள், மெதுவாக மிதித்துப் பார்த்தாள், மேஜைமேல் முழங்கையை ஊன்றிப் பார்த்தாள். பல நாள் அப்படி முயன்றாள், மஞ்சள் துணி குப்பைக்கூடையில் நிறைந்தது. ஒருநாள் மெஷினை அவளே அணைத்துவிட்டுச் சொன்னாள்.

"இத்த எனக்கினு வெச்சிக்காத பாவா, ஈஸியா வேணும்னு வர்றவங்க யாருக்கனா குடுத்துடு."

கிருத்திகைக் கூட்டத்தில்

ஆடிக் கிருத்திகை சமயத்தில் எங்கள் ரோட்டில் நடக்க இடம் இருக்காது. மொட்டைத் தலைகளும் காவடிகளும் மஞ்சள் வேட்டிகளுமாகப் போய்க்கொண்டே இருக்கும். அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓர் இளம்பெண் கடைக்குள் வந்தாள். ஆர்.கே.பேட்டையில் பவர்லூம் வைத்திருக்கும் வீட்டுக்குப் புதிதாக வந்த மருமகள். வீட்டில் நெய்கிற துணியிலேயே நைட்டி தைத்து விற்க ஆசை. துணி ஓரம் பிரிந்துகொண்டே இருக்கிறது, ஈஸியான ஓவர்லாக் வேண்டும் என்றாள். நான் காற்று மெஷினை மெல்லத் துணியால் மூடப் போனேன். விமலா உள்ளேயிருந்து, "அத்த காட்டு பாவா" என்றாள். லீவரை அமுக்கிக் காட்டினேன். பெண்ணுக்கு அதைத் தவிர வேறெதுவும் பிடிக்கவில்லை.

பேசி முடித்து, நான் நாலு நிறமும் கோத்து, துண்டு அடிக்க உட்காரப் போனபோது விமலா எழுந்து வந்தாள். என் தோளைத் தொட்டாள். நான் நகர்ந்துகொண்டேன். ஸ்டூலில் உட்கார்ந்து, மஞ்சள் துணியை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்து, பெடலை மிதித்தாள். வெளியே காவடி மேளம் காதைப் பிளந்தது. நான் மெஷின் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். துணி முடிவதற்கு அவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்கு அதுவரை தெரியாது. முடித்துக் கத்தரித்து எடுத்தாள். ஓரம் அலையலையாக இருந்தது, நடுவில் ஓரிடத்தில் கத்தி நன்றாகக் கடித்திருந்தது. நான் தைத்து வைத்திருந்த பழைய துண்டு ஒன்று மேஜை டிராயரில் கிடந்தது. அதை எடுக்கக் கையை விட்டேன். விமலா என்னைப் பார்த்தாள். டிராயரை மூடிவிட்டேன்.

அவள் தைத்த துண்டை அவளே மெஷின் கைப்பிடியில் கட்டினாள், முடிச்சு விழக் கொஞ்சம் நேரமாயிற்று. அந்தப் பெண் துண்டை விரித்துப் பார்த்தாள். இது எதற்கு என்று கேட்டாள். தையல் கோணினால் பக்கத்தில் வைத்துப் பார்க்க என்று என்னால் சொல்ல முடியவில்லை. "கடை வழக்கம்மா" என்றேன். அவள் கடித்த இடத்தை விரலால் தடவிவிட்டு, விமலாவிடம் குரலைத் தாழ்த்தி, "நீங்க தச்சதாக்கா? புதுசா கத்துக்கினு இருக்கீங்களா?" என்று கேட்டாள். எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும்போல் இருந்தது. இந்தச் சுற்று வட்டாரத்தில் பாதிப் பெண்களுக்கு ஓவர்லாக் கத்துக் கொடுத்தவள் இவள் என்று வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் விமலா, "ஆங், இப்பத்தான் கத்துக்கினு இருக்கேன்" என்றாள். முகத்தில் சிரிப்பு இருந்தது, கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். அந்தப் பெண் மெஷினைத் தூக்கிக்கொண்டு படியிறங்கும்போது, சின்னவளானாலும் தைரியம் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

"ஒண்ணும் கவலப்படாதீங்கக்கா, போகப் போக கை நின்னுடும்."

ஆகவே ஈஸியான மெஷின் தேடி வருகிறவர்களே, காற்று மெஷின்வரை எல்லாமே எங்கள் கடையில் கிடைக்கும், கை மட்டும் அவரவர் கொண்டு வர வேண்டும்.